கைக்கு விலையன்று, காவலே வேண்டும்!

இரணைமடுக் குளத்தின் நீர் பாயும் வயல்களிலே காலபோக நெல் முற்றிவிட்டால், உருத்திரபுரத்தின் வீதிகளில் யந்திரங்களின் ஓசை இரவும் பகலும் ஓய்வதில்லை. ஒரு புறம் அறுவடை. ஒரு புறம் சூடடிப்பு. வேறொரு புறம் ஆலைகளிலே நெற்குத்து. காடு வெட்டிக் கழனியாக்கிய குடியேற்ற மக்களின் வழித்தோன்றல்கள், 2008 ஆம் ஆண்டில் உடுத்த உடையோடு ஊரை விட்டு ஓடி, மீண்டு வந்து, பற்றை மண்டிக் கிடந்த நிலத்தை மறுபடியும் திருத்தி விளைவிக்கும் நெல் அது. அதனைக் காண எவருக்குத்தான் உள்ளம் குளிராது?

ஆயினும் அவ்வோசையிலே அமிழ்ந்து போகின்ற ஓர் அலறல் உண்டு. பெல்ட்டுக்கும் கப்பிக்கும் நடுவே அகப்பட்ட விரலின் அலறல். சூடடிக்கும் யந்திரத்தின் வாய்க்குள்ளே கதிரோடு சென்ற கையின் அலறல். சுழலும் தண்டிலே சேலைத் தலைப்புச் சிக்கிய பெண்ணின் அலறல். இவற்றைப் பற்றி மேடைகளிலே பேசுவார் இல்லை. செய்தியாக வந்தாலும் 'விபத்து' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகின்றது. அந்தச் சொல்லோடுதான் எமக்கு வழக்கு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் இளைஞன் எம்மைத் தேடி வந்தான். வன்னியிலுள்ள ஒரு சிறு நெல் ஆலையிலே நாட்கூலிக்கு நின்றவன். ஆலையின் பெயரோ உரிமையாளரின் பெயரோ இங்கு வேண்டியதில்லை. வலக்கையிலே மூன்று விரல்கள் இல்லை. ஓடிக்கொண்டிருந்த பெல்ட் நழுவியதாம். என்ஜினை நிறுத்தினால் நேரம் போகும் என்பதால், ஓட ஓடவே அதனைக் கப்பியில் ஏற்றச் சொன்னார்களாம். பலமுறை அப்படி ஏற்றியவன்தான். அன்று கை அகப்பட்டுவிட்டது.

"பிழை என்னுடையதுதான் ஐயா. நான் கவனமாக நின்றிருக்க வேண்டும்" என்றான். "முதலாளி நல்லவர். உடனே தன் வாகனத்திலே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். மாதம் ஒரு மூடை அரிசியும் தந்தார். இனி ஒன்றும் கேட்கமாட்டேன் என்று ஒரு துண்டிலே கையெழுத்து வாங்கினார். இடக்கையாலே போட்டுக் கொடுத்தேன்."

"தம்பி, அந்தப் பெல்ட்டுக்கும் கப்பிக்கும் மூடி இருக்கவில்லையா?" என்று கேட்டோம். "இருந்தது ஐயா. யந்திரம் வாங்கும்போது வந்தது. கழற்றி மாட்டக் கரைச்சல் என்று உமிக்குவியலுக்குப் பின்னாலே போட்டு வைத்திருந்தார்கள்" என்றான்.

இந்த விடையிலே இக்கட்டுரை முழுவதும் அடங்கியிருக்கின்றது. மூடி உமிக்குவியலின் பின்னே கிடக்கின்றது, விரல்கள் போய்விட்டன, பிழை தன்னுடையது என்று விரலை இழந்தவனே சொல்லுகின்றான்!

கவனயீனம் என்னும் குற்றச்சாட்டு

'கவனமாக நின்றால் ஏன் கை போகிறது?' என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கைச் சொல்லுவோம். உழவு யந்திரத்தின் பின்புறத்திலே சுழன்று, பிற யந்திரங்களுக்கு விசை கொடுக்கும் தண்டு, பொதுவான அளவின்படி நிமிடத்திற்கு 540 முறை சுற்றுவது. அதாவது செக்கனுக்கு ஒன்பது சுற்று. ஆபத்தைக் கண்ட கண், மூளைக்குச் சொல்லி, மூளை கையை இழுக்கச் செய்வதற்குக் கால் செக்கனாவது செல்லும். அதற்குள்ளே தண்டு இரண்டு முறைக்கு மேலே சுற்றிவிடும். சட்டைக் கையையோ சேலைத் தலைப்பையோ பற்றிய தண்டு இரண்டு முறை சுற்றிய பின்னர், கையை இழுப்பதற்கு இடமேது?

மனிதன் களைப்பான், நித்திரை வரும், வீட்டிலே காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை நினைப்பான். நாள் முழுவதும் ஒரே வேலையைச் செய்பவனுடைய கவனம் ஒரு கணமேனும் சிதறுவது இயற்கை. அந்த ஒரு கணத்தைத் தாங்கி நிற்பதற்காகவே மூடி இருக்கின்றது. எப்பொழுதும் விழிப்போடிருக்கும் மனிதன் உலகத்திலே இருந்தானாயின் காவலே வேண்டியதில்லை. அத்தகையவன் இல்லை என்பதை அறிந்தே சட்டம் இயற்றப்பட்டது.

சட்டம் சொல்வது என்ன?

இந்நாட்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டமாகும். விசை பிறப்பிக்கும் யந்திரம், அவ்விசையைக் கடத்துகின்ற தண்டு, கப்பி, பெல்ட், பற்சில்லு, வேலை செய்யும் யந்திரத்தின் ஆபத்தான பாகங்கள் ஆகியவற்றைப் பாதுகாப்பாக மறைத்தல் உரிமையாளரின் கடமை என்பது அதன் அடிப்படை. ஆளைச் சில நாள்களுக்கேனும் வேலைக்கு வரவொட்டாது செய்யும் விபத்தை அறிவித்தலும் கடமையே. இலாபத்திற்காகக் கூலியாட்களைக் கொண்டு பொருளை ஆக்கும் இடம், மாற்றும் இடம் எல்லாம் இச்சட்டத்தின் கண்ணுக்குத் தொழிற்சாலைதான். கொழும்பின் பெரிய ஆலைக்கு ஒரு நீதி, உருத்திரபுரத்து ஓலைக்கொட்டிலிலே இயங்கும் மில்லுக்கு வேறொரு நீதி என்று அது பேசவில்லை.

இதற்கு முன்னரே, 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் ஏற்பட்ட காயத்திற்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். அவர் நல்லவரா, தீயவரா என்ற கேள்வி எழாது. எழுத்து மூலமான நியமனம் வேண்டுமென்பதும் இல்லை. வாய்ப்பேச்சிலே அமைந்த வேலையும் வேலைதான். சட்டம் தந்த நட்டஈட்டு உரிமையை 'இனிக் கேட்கமாட்டேன்' என்று துண்டிலே எழுதி வாங்கி ஒழித்துவிட முடியாது.

அச்சட்டத்திலே ஒரு விதிவிலக்கு உண்டு. மரணம் விளைவிக்காத காயமாயின், மதுபோதையினாலோ, பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறியதனாலோ, காவற் கருவியை வேண்டுமென்றே அகற்றியதனாலோ அது நேர்ந்திருக்குமானால் முதலாளி தப்பலாம். உரிமையாளர்கள் இதனைப் பெரிதாக எடுத்துக் காட்டுவர். நாம் அவர்களைத் திருப்பிக் கேட்கிறோம்: காவற் கருவி என்று ஒன்று அங்கே மாட்டப்பட்டிருந்ததா? இருந்ததை அகற்றுவதுதான் குற்றம்; இல்லாததை எவ்வாறு அகற்றுவது? தொழிலாளியைக் குற்றஞ்சாட்ட விரும்பும் முதலாளி, முதலிலே மூடியை மாட்டிவிட்டு வரட்டும்.

இச்சட்டங்களின் வேரை அறிய இங்கிலாந்தின் இரண்டு வழக்குகள் போதும். ஓர் இரும்பு ஆலையிலே வேலை செய்த சிறுவன் ஒருவனின் கை, மறைப்பில்லாத பற்சில்லுகளில் அகப்பட்டது. முன்னர் இருந்த மறைப்பு எப்பொழுதோ அகற்றப்பட்டு, மாதக்கணக்காக மீண்டும் மாட்டப்படாமலே இருந்தது. எங்கள் நெல் ஆலை இளைஞனின் கதையேதான்! சட்டம் அபராதம் விதிக்கின்றது, ஆகையால் சிறுவனுக்கு வழக்குரிமை இல்லை என்று முதலாளி தரப்பு வாதாடியது. 1898 ஆம் ஆண்டிலே மேன்முறையீட்டு மன்றம் அவ்வாதத்தைத் தள்ளி, அரசாங்கத்துக்குக் கட்டும் அபராதம் கை இழந்தவனின் உரிமையைப் பறிக்காது என்று தீர்த்தது. குறோவ்ஸ் எதிர் விம்போண் பிரபு என்ற இவ்வழக்கைச் சட்டம் பயிலும் மாணவர் அனைவரும் அறிவர்.

மற்றது 1955 ஆம் ஆண்டிலே பிரபுக்கள் சபை தீர்த்த சமர்ஸ் எதிர் புறொஸ்ற் வழக்கு. சாணைக்கல்லிலே ஒரு தொழிலாளியின் பெருவிரல் காயமுற்றது. கல்லை முழுவதும் மறைத்தால் அதிலே வேலையே செய்ய முடியாதே என்பது முதலாளியின் வாதம். மறைக்க வேண்டுமென்று சட்டம் சொன்னால் மறைக்கத்தான் வேண்டும். அதனால் யந்திரம் பயன்படாது போயினும் அது விடையாகாது என்று பிரபுக்கள் சபை கூறியது. யந்திரத்தின் வசதியா, மனிதனின் விரலா என்ற கேள்விக்கு நீதி கொடுத்த மறுமொழி அதுவாகும்.

பழைய வாதம், புதிய வாய்

'மூடி போட்டால் வேலை தாமதிக்கும், செலவு கூடும், நூற்றில் ஒருவனுக்கு நேர்வதற்காக எல்லோரையும் வருத்துவதா?' என்று இன்று கேட்கின்றார்கள். இது புதிய வாதமன்று. 1844 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் தொழிற்சாலைச் சட்டம் ஆலைத் தண்டுகளை மறைக்கும்படி முதன்முதலாகக் கட்டளையிட்டது. அதனை உண்மையாகவே நிறைவேற்ற அதிகாரிகள் முற்பட்டபொழுது, 1855 ஆம் ஆண்டிலே ஆலை முதலாளிகள் ஒரு சங்கமே கூட்டி எதிர்த்தார்கள். அவ்வேளையிலே தொழிலாளருக்காக வரிந்து கட்டிக்கொண்டு எழுதியது ஒரு வாரப்பத்திரிகை. நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' என்பது அதன் பெயர். எனினும் அடுத்த ஆண்டிலே பாராளுமன்றம் முதலாளிமாருக்கு இணங்கிச் சட்டத்தைத் தளர்த்தியது. அந்தத் தளர்வுக்குத் தொழிலாளர் தம் உறுப்புகளாலே விலை கொடுத்தனர்.

சட்டம் ஏட்டிலே இருந்தால் மட்டும் போதாது. அதற்காகக் குரல் கொடுக்க ஒரு மக்கட் கூட்டமும் வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

ஆலை வாசலிலே நின்றுவிட்ட சட்டம்

உருத்திரபுரத்தைப் பொறுத்தவரையிலே மேலும் ஒரு குறை உண்டு. தொழிற்சாலைச் சட்டம் ஆலை வாசலோடு நின்றுவிடுகின்றது. ஆனால் எமது மக்களிற் பெரும்பாலோர் யந்திரத்தைச் சந்திக்கும் இடம் வயலும் களமும் அல்லவா? அங்கே சூடடிக்கும் யந்திரம் இன்று ஒரு வயலில் நிற்கும். நாளை வேறொரு வயலுக்கு வாடகைக்குப் போகும். அதைத் தொழிற்சாலை என்று எவர் சொல்வார்? எந்தப் பரிசோதனைப் பொறியியலாளர் வரம்பு வழியே நடந்து வந்து அதனைப் பார்ப்பார்?

இந்தியாவின் பஞ்சாப் மாநிலத்துக்கு இதே நிலை வந்தது. பசுமைப் புரட்சியின் பின்னர் கோதுமை அடிக்கும் யந்திரங்கள் ஊரூராகப் பரவின. கதிரை ஊட்டும் வாய் குறுகியதாயும் திறந்ததாயும் இருந்த யந்திரங்களிலே கதிரோடு கைகளும் உள்ளே சென்றன. கைகளை இழந்தோர் தொகை பெருகிய பின்னர், 1983 ஆம் ஆண்டிலே இந்தியப் பாராளுமன்றம் ஆபத்தான யந்திரங்கள் ஒழுங்குபடுத்தற் சட்டத்தை இயற்றியது. யந்திரத்தைச் செய்பவனையும் விற்பவனையும் பயன்படுத்துபவனையும் அது ஒருங்கே பிணைத்தது; மரணத்துக்கும் காயத்துக்கும் நட்டஈட்டையும் ஏற்படுத்தியது. மருந்து மிக எளிது. ஊட்டும் வாயை நீட்டி, உட்பக்கத்துப் பாதியை மூடிவிட்டால், சுழலும் முனையைக் கை எட்டாது. சில அடி தகடும் ஒரு பற்றவைப்புக்காரனின் அரை நாள் வேலையும் செய்யக்கூடிய காரியம் இது!

அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1963 இல், சர்வதேசத் தொழில் தாபனம் யந்திரங்களின் காவல் பற்றிய 119 ஆம் இலக்க உடன்படிக்கையை நிறைவேற்றியிருந்தது. காவலில்லாத ஆபத்தான யந்திரத்தை விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் நாட்டின் சட்டம் தடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். காவலில்லாத யந்திரத்திலே வேலை செய்யும்படி எந்தத் தொழிலாளியையும் பணிக்கக்கூடாது என்றும் அது கூறுகின்றது. கடமையை விற்பனையாளனிடமிருந்தே தொடங்குவதுதான் இவ்வுடன்படிக்கையின் சிறப்பு.

அது எமது ஊருக்கு மிகவும் பொருந்தும். ஏனெனில் இங்கே யந்திரச் சொந்தக்காரர் பலர் பெரும் முதலாளிகள் அல்லர். லீசிங் கடனிலே யந்திரத்தை எடுத்து, மாதத் தவணைக்கு அஞ்சி, இரவு பகலாகத் தாமே அதிலே நின்று உழைப்பவர்கள். அவர்களுடைய கையும் ஆபத்திலேதான் இருக்கின்றது. அவர்களை நாம் பகைவராகக் கருதவில்லை. காவலோடு கூடிய யந்திரத்தை அவர்களுக்கு விற்க வேண்டியவன் விற்கவில்லை. கடன் கொடுத்தவன் யந்திரத்தின் விலையைப் பார்த்தானேயன்றி அதன் வாயைப் பார்க்கவில்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்கும் கூலியாளின் தலையிலே முழுப் பாரமும் விழுவது நீதியாகுமா?

எமது வீட்டைப் பற்றி

இனி, பிறர் சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகின்றோம்.

வன்னி மண் தன் மக்களின் உறுப்புகளைப் போருக்குக் கொடுத்த மண். எறிகணைக்கும் மிதிவெடிக்கும் காலும் கையும் கொடுத்தவர்கள் இல்லாத ஊர் இங்கே இல்லை. 2009 ஆம் ஆண்டிலே அக்கொடுமை நின்றது. அதற்கு நீதி வேண்டுமென்று நாம் இன்றும் கேட்கின்றோம், கேட்போம். ஆனால் எஞ்சியிருக்கும் கைகளைக் காப்பது எவரின் பொறுப்பு? எமது ஆலைகளிலே, எமது களங்களிலே, எமது மரக்காலைகளின் வட்டவாள்களிலே விரல்கள் போகும்போது, அதற்குக் கொழும்பை மட்டும் நோக்கிக் கை நீட்டுவது முழு உண்மையாகாது.

இந்த யந்திரங்களின் அருகே நிற்பவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காணி உள்ளவன் பெரும்பாலும் வரம்பிலே நிற்கின்றான். கதிரை ஊட்டுபவன் காணியில்லாதவன். 1977 ஆம் ஆண்டின் வன்செயலுக்கு அஞ்சி மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களுக்குள்ளே பலர். போரிலே கணவனை இழந்து, குடும்பத்தைத் தாங்கக் கூலிக்கு வரும் பெண்களும் அவர்களுக்குள்ளே உளர். சமத்துவம் வேண்டுமென்று நாட்டை நோக்கி முழங்கும் எமது அரசியல், இவர்களின் கைகளைப் பற்றிப் பேசவில்லையானால், அந்த முழக்கத்துக்கு என்ன பொருள்? பேச வேண்டிய இடத்திலே நாமும் பேசாதிருந்தோம் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கின்றோம்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, யந்திரங்களை இறக்குமதி செய்வோரும் விற்போரும், காவலின்றி ஒரு நெற்குத்து யந்திரத்தையோ சூடடிக்கும் யந்திரத்தையோ விற்க முடியாதபடி சட்டம் இயற்றப்பட வேண்டும். எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் இதனைத் தங்கள் முதற் கடமைகளுள் ஒன்றாகக் கொள்ள வேண்டும். தொழிற்சாலைச் சட்டத்தின் காவல் ஆலையோடு நில்லாது, வயலிலும் களத்திலும் வேலை செய்பவனையும் சேர வேண்டும். 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தினாலே தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமென ஒரு தேசிய நிறுவகம் அமைக்கப்பட்டிருக்கின்றது. அதன் பயிற்சிகள் தமிழிலே, வன்னிக்கு வந்து, களத்திலேயே நடத்தப்பட வேண்டும்.

இரண்டாவதாக, கொழும்பை எதிர்பாராது நாமே செய்யக்கூடியது ஒன்று. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் நீர்ப்பங்கீட்டையும் விதைப்பு நாளையும் தீர்மானிக்கக் கூட்டம் கூடுகின்றது. அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் அங்கே வருகின்றனர். அக்கூட்டத்திலே ஒரு தீர்மானம் மட்டும் சேர்க்கட்டும்: சுழலும் தண்டும் ஊட்டும் வாயும் மூடப்படாத யந்திரத்தை இப்போகத்தில் எவரும் வாடகைக்குப் பிடிப்பதில்லை. வாடகை கொடுப்பவன் கமக்காரன். அவன் வேண்டாமென்றால் அந்த யந்திரம் ஓடாது. மூடி இல்லாதவர் அதனை உள்ளூர்ப் பட்டறையிலே செய்து மாட்டுவதற்குக் கூட்டுறவுச் சங்கங்கள் சிறு கடன் கொடுக்கட்டும்.

மூன்றாவதாக, தொழிலாளத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்யும்படி பணித்தால் மறுத்து நில்லுங்கள். தனியாக மறுக்க அஞ்சினால் சேர்ந்து மறுங்கள். ஓடுகின்ற யந்திரத்திலே பெல்ட் ஏற்றாதீர்கள், துப்புரவு செய்யாதீர்கள். காயம் பட்டால் காலம் தாழ்த்தாமல் முதலாளிக்கு அறிவித்துத் தொழில் அலுவலகத்திலே பதிவு செய்யுங்கள். ஆசுபத்திரித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். அரிசி மூடையை அன்போடு பெற்றுக்கொள்ளலாம்; ஆனால் அதற்காக உங்கள் உரிமையை எழுதிக் கொடுக்காதீர்கள்.

அந்த இளைஞனின் காரியம் என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்பார்கள். நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பம் செய்தோம். எந்த விரல், நூற்றுக்கு எத்தனை வீதம், என்ன வேதனம் என்று கணக்கிட்டு ஒரு தொகை கிடைத்தது. அதனை வாங்கிக்கொண்டு அவன் எம்மிடம் நன்றி சொல்ல வந்தான். கும்பிடக் கைகளைக் கூப்பினான். அந்தக் கைகளைப் பார்க்க எமக்கு மனம் ஒப்பவில்லை. சட்டம் தரக்கூடியது அவ்வளவுதான் என்பதைச் சட்டத்தரணியாகிய நாமே அன்று உணர்ந்தோம்.

பின்னர் ஒரு நாள் அந்த ஆலைப் பக்கம் செல்ல நேர்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்தோம். உமிக்குவியலின் பின்னே கிடந்த மூடி, பெல்ட்டின் மேலே ஒழுங்காக மாட்டப்பட்டிருந்தது. அதனைப் பிடித்து நிற்பதற்கு நான்கு போல்ட்டுகள் போதியவையாய் இருந்தன. வேறு செலவில்லை. ஆலையும் முன்போலவே ஓடிக்கொண்டிருந்தது.

நான்கு போல்ட்டுகளை முறுக்குவதற்கு மூன்று விரல்கள் போக வேண்டியிருந்தது. வருகின்ற போகத்திலே உருத்திரபுரத்திலும், வன்னியின் வேறெந்த ஊரிலும், அந்த விலையைக் கேளாமலே மூடிகள் மாட்டப்பட வேண்டும். இதுவே எமது கோரிக்கை.